எத்தினியாவது புள்ள நீ?

காலை ஏழு மணிக்கெல்லாம் மரக்காணம் உப்பளத்தில் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. மேலிருந்து அடிக்கிற வெயில் ஒரு பங்கு என்றால், பாத்தியில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிப்பது இன்னொரு பங்கு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்ற என்னைப் பார்த்து, பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எந்தத் தெரு என்று கேட்டார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். பலகைக் காம்பில் மோவாயை ஊன்றிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவருக்கு நீ எத்தினியாவது புள்ள?"

"நாலாவதும்மா."

"பொறந்ததுலயா, இருக்கறதுலயா?"

ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. குனிந்து, தண்ணீருக்கடியில் பலகையை ஓட்டி, பழுப்பு கலந்த வெள்ளையாய் ஒரு குவியலைக் காலடிக்கு இழுத்துக்கொண்டார். பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி, உப்புத் தண்ணீர் பட்ட விரலிடுக்கு மாதிரி அரித்துக்கொண்டே இருந்தது.

அதில் வரும் 'எத்தினியாவது' என்ற சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யாரும் இந்தப் புதிரிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். 'ராமன் தசரதனுக்கு எத்தனையாவது பிள்ளை? இங்கிலீஷில் சொல்லு பார்ப்போம்.' எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து 'ஹவ் மெனியத் சன்' என்றான். வாத்தியார் அடிக்காமல் சிரித்துவிட்டார். அவருக்கும் அதைவிட நல்லதாக ஒன்று தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று என்ற எண்ணோடு 'ஆவது' சேர்ந்தால் மூன்றாவது. எண் தெரியாத இடத்தில் 'எத்தனை'யை வைத்து அதே 'ஆவது' சேர்த்தால் எத்தனையாவது. ஆகு என்னும் சாதாரண வினைதான் இந்த வேலையைச் செய்கிறது. மலையாளத்தில் 'எத்ராமத்தெ' உண்டு. சிங்களத்தில் 'கீவெனி' உண்டு. ஆங்கிலத்துக்குப் பங்காளி மொழியான ஜெர்மனிலேயே 'வீஃபீல்ட்டே' என்று கச்சிதமாக ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் 'உனக்கு மேலே எத்தனை பேர்' என்று கொல்லைப்புறமாகச் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

இதை வைத்து ஆங்கிலத்தைக் கேலி செய்வது நம் ஊரில் பழைய பொழுதுபோக்கு. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த மொழியின் பிறப்பு வரிசைச் சொற்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் நம் வீட்டுச் சாமான்களே கிடக்கின்றன. 'ஃபர்ஸ்ட்' என்ற சொல்லுக்கும் 'ஒன்' என்ற எண்ணுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எல்லாருக்கும் முன்னால் நிற்பவன் என்பதுதான் ஃபர்ஸ்ட். 'செகண்ட்' லத்தீனில் 'பின்தொடர்தல்' என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அது வருவதற்கு முன் இங்கிலாந்துக்காரர்கள் இரண்டாமவனை 'அதர்', அதாவது மற்றவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'எல்டர்' என்பது 'ஓல்டு' என்பதன் பழைய ஒப்பீட்டு வடிவம். பின்னால் பிறந்த 'ஓல்டர்' ஊர் உலகத்தையெல்லாம் எடுத்துக்கொள்ள, மூத்த சொல்லான எல்டர் குடும்பத்துக்குள்ளும் சர்ச்சுக்குள்ளும் ஒதுங்கிவிட்டது. மூத்ததை இளையது வீட்டோடு உட்கார வைப்பது சொற்களிலும் நடக்கும் போலிருக்கிறது.

முன்னால் நிற்பவன், பின்னால் வருபவன். தமிழிலும் இதுதான் தொடக்கம். தம்பி என்ற சொல்லைப் பிரித்தால் தம் + பின். தமக்குப் பின் பிறந்தவன். இதற்கு ஜோடியாக 'தம்முன்' என்று ஒன்று இருந்தது, அண்ணனைக் குறிக்க. அதோடு நிற்கவில்லை. என் தம்பி எம்பி, உன் தம்பி உம்பி, அவன் தம்பிதான் தம்பி. கம்பராமாயணத்தில் எம்பியும் உம்பியும் ஏராளமாக வருவார்கள். தந்தை, தாய், தங்கை, தமக்கை, தமையன் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பது அதே 'தம்'தான். எந்தை, நுந்தை, எங்கை, நுங்கை என்று தன்மைக்கும் முன்னிலைக்கும் தனித்தனியாக இருந்தவை வழக்கொழிய, அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிப் பேசும் வடிவம் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே இன்று நாம் 'என் தம்பி' என்று சொல்லும்போது இலக்கணப்படி 'என்னுடைய அவர்களுக்குப் பின் பிறந்தவன்' என்று உளறிக்கொண்டிருக்கிறோம். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அண்ணன் வேறு வழியில் வந்தவர். அண் என்றால் மேல். அண்ணாந்து பார்க்கிறோமே அந்த அண். வாய்க்குள் மேலே இருப்பது அண்ணம். அண்ணன் மேலே, தம்பி பின்னே என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் அந்த வரைபடம் தலைகீழாகிவிடும். என்னைவிடப் பத்து வயது பெரிய டீக்கடைக்காரர் "அண்ணே, சில்லற இல்லண்ணே" என்பார். கண்டக்டர் "தம்பி, உள்ள போப்பா" என்பார். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு பேருக்கு நான் முன்னும் பின்னும் பிறந்துவிடுவேன். 'பிரதர்' என்று கூப்பிடுகிற புது வழக்கம் இந்தச் சிக்கலுக்குத்தான் வந்தது என்பது என் கணிப்பு. வயது தெரியாத ஆளிடம் முன்னா பின்னா என்று முடிவெடுக்காமல் தப்பிக்க ஆங்கிலம் உதவுகிறது.

வரிசை ஒருவரின் பெயராகவே ஆவதும் உண்டு. இளங்கோ என்றால் இளைய அரசகுமாரன். மூத்தவன் இருக்க இளையவனே அரியணை ஏறுவான் என்று நிமித்திகன் சொன்னதாகவும், அந்தப் பேச்சைப் பொய்யாக்கவே இவர் துறவு பூண்டதாகவும் சிலப்பதிகாரத்தோடு சேர்ந்த மரபுக் கதை சொல்கிறது. அடிகள் ஆன பிறகும் இளையவன் என்ற அடையாளம் மட்டும் போகவில்லை. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் எதிர்க்கட்சி. புறநானூற்று 183ஆம் பாட்டில் அவன் சொல்வது, ஒரு வீட்டில் பிறந்த பலரில் அரசன் மூத்தவனைக் கூப்பிட மாட்டான், அறிவுள்ளவனைத்தான் கூப்பிடுவான் என்று. 'மூத்தது மோழை, இளையது காளை' என்பது அந்தக் கட்சியின் தெருமுனைப் பிரசாரம். இதைச் சொன்னது ஓர் இளையவனாகத்தான் இருக்கும்.

மரக்காணத்திலிருந்து கடலோரச் சாலையில் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. 1954 வரை அங்கே பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி. பிள்ளைகளை வரிசைப்படுத்த அவர்களிடம் ஆங்கிலத்தைவிடக் கைநிறையச் சொற்கள் இருந்தன. மூத்தவன் 'எனே'. அடுத்துப் பிறந்தவன் 'ப்யூனே'. கடைக்குட்டி 'பெஞ்ஜமேன்'. பைபிளில் யாக்கோபுக்குக் கடைசியாகப் பிறந்த பென்யமீன் பெயர்தான் அது. (நம் ஊரில் பெஞ்சமின் என்ற பெயரைத் தலைச்சனுக்கும் தாராளமாக வைப்பார்கள்.) எனே என்பதைப் பிரித்தால் 'முன் பிறந்தவன்'. ப்யூனே என்பதைப் பிரித்தால் 'பின் பிறந்தவன்'. தம்முன், தம்பின்! ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு மொழிகள் ஒரே தச்சனிடம் நாற்காலி செய்து வாங்கிய மாதிரி இருக்கிறது.

அந்தப் பின் பிறந்தவன் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனதும் இரண்டாகக் கிழிந்தான். ஒருவன் பழைய எழுத்துக்கூட்டலோடு நீதிமன்றத்துக்குப் போனான். 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி நீங்கலாக மற்ற நீதிபதிகளுக்கு 'ப்யூனி ஜட்ஜ்' என்று பெயர். அங்கே நீதிபதியான முதல் இந்தியர் சர் டி. முத்துசாமி ஐயரும் ப்யூனி ஜட்ஜாகத்தான் உட்கார்ந்தார். நேர்த் தமிழில் தம்பி நீதிபதி.

இன்னொருவன் எழுத்துக்கூட்டலைச் சுருக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான். உச்சரிப்பு அதே 'ப்யூனி', பொருள் மட்டும் நாளடைவில் சோனி, நோஞ்சான் என்றாகிவிட்டது. பின் பிறந்தவன் சிறியவன், சிறியவன் பலம் இல்லாதவன் என்று பொருள் இறங்கிய படிகளை எண்ணிவிடலாம்.

இந்த இடத்தில் தமிழ் நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. நம் சொல் 'சவலை'. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்துவிட்டதால் பால் மறக்கடிக்கப்பட்டு மெலிந்துபோன குழந்தை சவலை. நோஞ்சானாவது பின் பிறந்தவன் இல்லை, முன் பிறந்தவன். காரணம் பின்னால் வருபவன். இங்கிலாந்துக்காரன் கைக்குழந்தையைப் பார்த்துச் சொல் செய்தான். தமிழ்த் தாய் இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட குழந்தையைப் பார்த்துச் செய்திருக்கிறாள். அவளுக்குத்தான் விஷயம் தெரியும். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. அன்றைய கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ஒரு நோயைக் கவனித்தார். வயிறும் காலும் வீங்கி, முடி செம்பட்டை பாய்ந்து, பால் மறந்த பிள்ளைகள். அங்கே கா மொழி பேசும் பெண்கள் அதைச் சொன்ன பெயரையே 1935இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். க்வாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததுக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். ஆங்கில மருத்துவ அகராதிக்குள் உட்கார்ந்திருக்கும் அசல் பிறப்பு வரிசைச் சொல் ஒன்று உண்டென்றால் அதுதான். அவர் மரக்காணம் பக்கம் வேலைக்கு வந்திருந்தால் உலகம் முழுக்க அந்த நோய்க்குச் சவலை என்று பெயர் இருந்திருக்கும்.

பிரெஞ்சிலிருந்து வந்த இன்னொரு தம்பியை நாம் தினமும் பார்க்கிறோம். காக்கி உடையில் சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் நிற்கிறானே என்சிசி கேடட், அவன்தான். பிரான்சின் தென்மேற்கில் காஸ்கனி என்றொரு பிரதேசம். அங்கே 'கப்தே' என்றால் தலைவன். லத்தீனில் தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த 'சின்னத் தலை'. சொத்து மூத்தவனுக்குப் போய்விடுவதால் காஸ்கனிப் பிரபுக்களின் இளைய பிள்ளைகள் பிழைப்புக்காகப் பிரெஞ்சு ராணுவத்துக்கு அதிகாரிகளாக வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கப்தே, வந்தவர்கள் எல்லாரும் இளையவர்கள். ஆக, கப்தே என்றால் இளைய பிள்ளை என்று பாரிஸ்காரர்கள் புரிந்துகொண்டார்கள். அதிலிருந்து 'கதே', ஆங்கிலத்தில் 'கேடட்'. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு அதிகாரி வேலைக்கு வந்து சென்னைக் கரையில் இறங்கிய மீசை முளைக்காத பையன்களும் கேடட்டுகளே. மரக்காணத்துக்கு வடக்கே இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1760இல் பிடித்த கம்பெனிப் படையிலும் அப்படிப்பட்ட தம்பிமார் இருந்திருப்பார்கள். தலைச்சன்கள் எல்லாம் ஊரிலேயே பண்ணையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று முடித்துவிடவும் முடியாது. ராபர்ட் கிளைவ் 13 பிள்ளைகளில் மூத்தவர்.

தலை என்ற சொல் அங்கே இளையவனுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே அது மூத்தவனிடமே நிற்கிறது. தலைச்சன், இடைச்சன், கடைச்சன் என்று மூன்றையும் அகராதியில் பார்க்கலாம். பேச்சில் பிழைத்தது தலைச்சன் ஒன்றுதான், அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக. அதைச் சுற்றி எத்தனை பயம், எத்தனை சலுகை! தலைப்பிரசவம் தாய் வீட்டில். செலவும் அவர்களுடையது. ஏசா ஒரு வேளைக் கூழுக்குத் தம்பி யாக்கோபிடம் விற்றுவிட்டுப்போன மூத்தவன் உரிமைக்குத் தமிழ் பைபிள் 'சேஷ்டபுத்திரபாகம்' என்று மூச்சுமுட்டும் ஒரு சொல்லை வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் அதைத் திக்காமல் வாசித்தவனுக்கே பரிசு கொடுக்கலாம். சேஷ்டன், ஜேஷ்டன் இரண்டும் மூத்தவன்தான். ஜேஷ்டா தேவி மூத்த தேவி. தமிழில் தவ்வை, தம் அவ்வை, அதாவது அக்காள். பல்லவர் காலத்தில் கோயில் கட்டிக் கும்பிட்ட அந்த அக்காளை மூதேவி ஆக்கி, பிறகு வசவாகவும் ஆக்கிவிட்டோம். பிறந்த வரிசையைச் சொல்வதைத் தவிர வேறு எந்தப் பாவமும் அறியாத சொல் அது.

ஆனி மாதத்துக்கு ஜேஷ்ட மாதம் என்று பெயர் இருப்பதால், தலைச்சன் பிள்ளைக்கு அந்த மாதத்தில் கல்யாணம் ஆகாது என்று ஒரு கட்டுப்பாடு. எங்கள் தெருவில் அதை மீறி ஒரு பந்தக்கால் நட்டு நான் பார்த்ததில்லை, எங்கள் வீட்டைத் தவிர. எங்கள் அக்காவுக்கு ஆனி மாதம் உப்பு மும்முரமாக விளைந்துகொண்டிருந்தபோது கல்யாணம் நடந்தது. எனக்கு ஏழெட்டு வயது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கில் இன்னொரு சின்ன இடறலும் இருந்தது. மூத்த அண்ணனை அம்மா 'நடுவுலவன்' என்றுதான் கூப்பிடுவார். மேலே அக்கா, கீழே இரண்டு பேர், அதனால் நடு என்று நாங்களாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டோம்.

உப்பளத்தைவிட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டேன். அந்த அம்மா நின்ற பாத்தியிலும் ஒரு பிறப்பு வரிசை உண்டு. கடல் நீரை வெயிலில் காயவைத்தால் அதில் கரைந்திருப்பவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பிறப்பதில்லை. முதலில் சுண்ணாம்பு படியும். அடுத்து ஜிப்சம். தண்ணீர் பத்தில் ஒரு பங்காக வற்றும் சமயத்தில்தான் சாப்பாட்டு உப்பு மணி கட்டும். அதற்குப் பிறகும் மிச்சம் இருப்பது மக்னீசிய உப்புகள் சேர்ந்த கசப்புத் தண்ணீர். 1849இல் உசிக்லியோ என்ற இத்தாலிய வேதியியலாளர் மத்தியதரைக் கடல் தண்ணீரை வற்றவைத்து இந்த வரிசையை அளந்து எழுதினார். மரக்காணத்தில் தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரி என்பார்கள். கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு 24, 25 என்று பார்ப்பார்கள். பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் குழல்கூட வேண்டாம். தண்ணீரின் நிறமும் கையில் பிசுபிசுப்பதும் போதும். தலைச்சனையும் அடுத்ததையும் முந்தைய தேக்கங்களிலேயே இறக்கிவிட்டு, மூன்றாவது பிள்ளையை மட்டும் பாத்திக்குள் பெற்றெடுத்து, கடைசிப் பிள்ளை பிறப்பதற்குள் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்கத் தவறினால் உப்பு கசக்கும், ஈரம் கோக்கும். நடுப்பிள்ளைகளை யாரும் கண்டுகொள்வதில்லை என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை உப்பளத்துக்கு வந்து பார்க்கலாம்.

கடைசியாகப் பிறந்ததைத் தமிழ் கடைக்குட்டி என்கிறது. மனிதப் பிள்ளைக்குக் குட்டி என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் கொஞ்சலில் வந்தது என்பதைத் தவிர என்ன சொல்ல. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழி வந்த ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்களும் ரொம்பப் பிந்திப் பிறந்த பிள்ளையை 'தாமதமாய் வந்த ஆட்டுக்குட்டி' என்கிறார்கள். எங்கள் பக்கத்து ஓய்மாநாட்டைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி. (பாணர்கள் போகும் வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்வார்கள். அந்த நாட்டின் கிடங்கில் நகரம் இன்றைக்குத் திண்டிவனத்தின் கிடங்கல்.) பாண்டிய நாட்டுப் பகுதியில் உப்பு வண்டிகள் வரிசையாய்ப் போகின்றன. உப்பு விற்கும் உமணர்களோடு ஒரு பெண் குரங்கும் வருகிறது, பெற்ற பிள்ளை மாதிரி. அது சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுவென்று ஆட்டி உமணர் வீட்டுக் குழந்தைகளோடு விளையாடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு உண்மையான கடைக்குட்டி அதுதான். உப்புக்காரர் வண்டியில் முத்து கிலுகிலுப்பையாய் இருந்ததைப் பார்த்துப் பொறாமைப்படாமல் என்னால் அந்த இடத்தைக் கடக்க முடிந்ததில்லை.

திண்டிவனம் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 1890களின் தொடக்கத்தில் அங்கே ஆற்காடு மிஷன் பங்களாவில், அமெரிக்காவிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் தங்கியிருந்தார். அண்ணன்மாருக்குப் பின் பிறந்த கடைக்குட்டி. ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். அவருடைய தந்தை டாக்டர், அவர் வருவார் என்றபோது ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா ஊர் திரும்பி மருத்துவம் படித்து, 1900இல் வந்து வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி.

அதே ஸ்கடர் குடும்பம் பிறப்பு வரிசைச் சொற்களுக்கும் ஒரு வேலை செய்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்றொரு வக்கீல். பக்கத்தில் வாழ்ந்த இரோக்வா பழங்குடியினர் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அப்பாவின் சகோதரனும் அப்பாதான், அவன் பிள்ளையும் உடன்பிறந்தவன்தான் என்று உறவு வைத்திருந்ததைப் பார்த்து அசந்துபோனார். வேறெங்காவது இப்படி உண்டா என்று மிஷனரிகளுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார். தமிழ் முறைப்பெயர்கள் ஸ்கடர் குடும்பத்தார் மூலம் அவர் கைக்குப் போயின. அண்ணன், தம்பி, அக்காள், தங்கச்சி. இரோக்வாக்களின் ஏற்பாட்டோடு அவை பொருந்தியதைக் கண்டு அவருக்குக் கால் தரையில் படவில்லை. 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய பெருநூலில் நம் வீட்டுச் சொற்கள் அட்டவணையாக அச்சேறின. மானுடவியலில் உறவுமுறை ஆய்வு என்ற துறையே அங்கிருந்துதான் பிறந்தது. பின்னால் அந்தத் துறை 'திராவிட உறவுமுறை' என்றே ஒரு வகைக்குப் பெயர் வைத்தது.

இப்போது ஊருக்கு வந்தால், பிறப்பு வரிசைக்கு ஆங்கிலம் புழங்குகிற இடம் ஆரம்ப சுகாதார நிலையம். முதல் கர்ப்பம் என்றால் 'பிரைமி'. "பிரைமியா? பிக்மி நம்பர் இருக்கா?" என்று கர்ப்பப் பதிவு எண்ணைக் கேட்பார் நர்ஸ். அட்டையில் ஜி 3, பி 2, எல் 1 என்று எழுதியிருக்கும். இது மூன்றாவது கர்ப்பம், இதற்கு முன் பெற்றது இரண்டு, உயிரோடு இருப்பது ஒன்று. 'எத்தனையாவது' என்ற சொல் இல்லாத மொழி மூன்று எழுத்தில் நம்மைவிடத் துல்லியமாகப் பதில் சொல்லிவிட்டது. உப்பளத்து அம்மாவும் அதையேதான் கேட்டார். பிறந்ததிலா, இருக்கிறதிலா. அவர் தலைமுறைப் பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு எண் வராது, இரண்டு எண் வரும்.

இன்றைக்கு அந்த அட்டையில் மூன்றைத் தாண்டி எழுத வாய்ப்பு குறைவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். பெரியண்ணன், நடு அண்ணன், சின்னண்ணன், பெரியக்கா, குட்டியக்கா என்று நாங்கள் ஏணி போட்டு ஏறிய இடத்தில் பெரியவன், சின்னவன் என்று இரண்டே படி. பல வீடுகளில் ஒரே படி. பாலித் தீவில் முதல் பிள்ளைக்கு வாயான், அடுத்தது மாதே, பிறகு ந்யோமான், கெதுத் என்று நாலு பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயானிலிருந்து தொடங்குவார்கள். அங்கேயும் கெதுத்துகள் குறைந்து வருகிறார்களாம். எங்கள் தெருவில் போதும்பொண்ணு என்ற பெயரில் கடைசியாகப் பிறந்தவருக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். அவர் வீட்டில் அதற்குப் பிறகு இரண்டு பேர் பிறந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அன்றிரவு அக்காவுக்குப் போன் செய்தேன். அம்மா போன பிறகு எங்கள் வீட்டுப் பழைய கணக்கெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. சீரியல் ஓடிக்கொண்டிருந்தது போல, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார் யாரிடமோ.

"அக்கா, நான் எத்தினியாவது புள்ள?"

"நாலாவது. ஏண்டா, திடீர்னு?"

"பொறந்ததுல?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பொறந்ததுல ஆறாவது. உனக்கும் சின்னண்ணனுக்கும் நடுவுல ஒண்ணு. அது பொறந்த அன்னிக்கே போயிடுச்சி. எனக்கு முன்னாடி ஒண்ணு."

"உனக்கு முன்னாடியா?"

"ஆமா, ஆம்பளப் புள்ள. பதினோரு நாள் இருந்துச்சாம். அதான் எனக்கு ஆனியில கல்யாணம் பண்ணாங்க. ஐயரு ஒத்துக்கல. ஆயாதான், இவ தலைச்சன் இல்ல, எதுக்குத் தள்ளிப் போடணும்னு அடிச்சிப் பேசி முடிச்சுது. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். பேர் வைத்தார்களா என்று கேட்டேன்.

"பேர் வெக்கறதுக்குள்ளதான் போயிடுச்சே. அம்மா அத எப்பவும் 'பெரியவன்'னுதான் சொல்லும்."